காலிப் பெட்டி விழுங்கிய பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் மரத்துப் போனால் நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு ராஜாவும் கிடையாது, பேயும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லப் போகிறேன். அதற்குள் முகத்தைச் சுளிக்காதீர்கள். எனக்கே விளங்கியது என்றால் உங்களுக்கு விளங்காமலா போகும். ஒரே வீட்டில் நாத்தனார் ஒருத்தி, தம்பி பெண்டாட்டி ஒருத்தி, இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு காலிப் பெட்டி. அந்தப் பெட்டி என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

அந்த மத்தியானம் சின்னவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என்பது அந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். கல்யாணமாகி வந்த அன்றைக்கு நாத்தனார் வைத்தது. குழாய் ரிப்பேர்காரர் வருவதாகச் சொல்லியிருந்ததால் அலுவலகத்துக்குப் போகவில்லை. குழாய்க்காரர் வரவில்லை. வாசல் கதவு திறந்து நாத்தனார்தான் வந்தாள். வெள்ளைக் காலணியோடு கூடத்தைக் கடந்து, சமையலறை வரைக்கும் போய், தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே போட்ட காலணி வாசலைத் தாண்டினால் தம்பி என்றும் பார்க்காமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள் அவள். சின்னவள் அந்தக் காலணியையே பார்த்தாள்.

"இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டீங்களா அண்ணி?"

"வரல. அனுப்பிட்டாங்க."

நாத்தனாருக்கு நர்ஸ் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மாடி அறை, ஒரு கட்டில், ஒரு இஸ்திரிப் பெட்டி, வரிசையாகத் தொங்கும் வெள்ளை உடுப்புகள், அவ்வளவுதான் அவள் உலகம். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசி மருந்து எதை ஏற்றுவதென்றாலும் கட்டிலருகே இரண்டு நர்சுகள் நிற்க வேண்டும். ஒருத்தி அந்த மருந்தின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி நோயாளியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள். 'யாருக்குக் கொடுக்கக் கூடாது' என்கிற பகுதி வந்ததும், கேட்கிறவள் ஒவ்வொன்றுக்கும் "இல்லை, இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். எங்கேயாவது "இல்லை" வராவிட்டால் ஊசி நின்றுவிடும். நாத்தனார் வாசிக்கிற வேகத்துக்கு வார்டில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வேகம் இருந்தாலும் எந்த நிலையத்தையும் விட்டுவிட்டுப் போகாத எக்ஸ்பிரஸ் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று காலை பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவருக்கு ஊசி ஏற்றினார்கள். அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. அந்த மருந்து அப்படிப்பட்டவர்களுக்கு ஆகவே ஆகாது. கொஞ்ச நேரத்தில் மனிதர் மூச்சுக்குத் தவித்து, இப்போது தீவிர சிகிச்சையில் குழாயோடு கிடக்கிறார். வாசித்தவள் எக்ஸ்பிரஸ். கேட்டவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண். விசாரித்தபோது அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னாள்: 'யாருக்குக் கொடுக்கக் கூடாது' என்பதை அக்கா வாசிக்கவேயில்லை. நாளைக் காலை விசாரணைக் குழு உட்காரப் போகிறது. அதில் தவறு என்று முடிவானால் அவள் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது.

"பக்கத்துல அது இல்லடி. சில மருந்துக்கு அந்தப் பகுதியே இருக்காது, இதுவும் அப்படின்னு நினைச்சேன். இருந்தாத்தானே வாசிக்க," என்றாள் நாத்தனார்.

இங்கேதான் சின்னவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த மருந்துப் பக்கங்களைச் செய்து கொடுப்பதே அவளுடைய கம்பெனிதான். மருந்தின் பெயரைக் கேட்டு, லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சிவப்புத் தலைப்போடு இருந்தது: யாருக்குக் கொடுக்கக் கூடாது. கீழே முதல் வரியிலேயே சிறுநீரகம். லேப்டாப்பை மெல்ல நாத்தனார் பக்கம் திருப்பினாள். நாத்தனார் நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இதுல இருக்கு. நான் பார்த்ததுல இல்ல."

"அண்ணி, ரெண்டும் ஒரே பக்கம்தான். நீங்க பார்த்ததேதான் இது."

"அதையேதான் அங்கயும் சொன்னாங்க. மேல ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்துக் கையில கொடுத்து, நீங்களே பாருங்கன்னாங்க. பார்த்தேன். இருந்துச்சு."

சின்னவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சில சமயம் ஆறுதல், கன்னத்தில் விழுகிற அறையை விட வலிக்கும். "அவசரத்துல ஒரு வரி தவறிப் போறது யாருக்கும் நடக்கிறதுதானே அண்ணி. யானைக்கும் அடி சறுக்கும்."

நாத்தனார் எழுந்தாள். "யானைக்குச் சறுக்கினா யானைதான் விழும். எனக்குச் சறுக்கினா கட்டில்ல படுத்திருக்கிறவன் விழுவான். அதனால எனக்குச் சறுக்கக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா நின்னுக்கிட்டிருக்கேன்." காலணியோடேயே மாடிப்படி ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு சின்னவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. துவைத்த துணிகளை மடித்தாள். மடித்ததை மறுபடி உதறினாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பொங்கி வழிந்த வாசனை வந்துதான் திரும்பினாள். மேலே நாத்தனார் நடக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக அவள் மேலே நடக்க, இவள் கீழே நடக்க, நடுவில் ஒரு கூரை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சிவப்புத் தலைப்பு இருந்தது. 'இருக்கிறதே' என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி வந்ததற்காகவே உடனே ஒரு வெட்கம்.

சாயங்காலம் புருஷன் வந்தான். லாரி மெக்கானிக், கை கழுவிய பிறகும் நகத்திடுக்கில் கருப்பு போகாத ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா பொய் சொல்ல மாட்டா," என்றான்.

"பொய்னு யார் சொன்னா? தவறிடுச்சுன்னுதானே சொன்னேன்."

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அந்த நேரம் நாத்தனார் கீழே இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். சண்டைக்கு வருகிறவர்கள் வருகிற மாதிரி நிதானமாக வந்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க ஆபீசுல ஒரு காரியம் சொல்லு. அந்த வார்டு குறிப்புன்னு ஒரு பொட்டி இருக்கே, அதுக்குள்ள கொட்டிக் கிடக்கிற குப்பையையாவது கூட்டச் சொல்லு. அடுத்தவளாவது கண்ணு வலிக்காம படிக்கட்டும்."

"என்ன குப்பை அண்ணி?"

"அதான், டாக்டர் ஏதாவது எழுதி வைப்பாரே, ரெண்டு வரி உயரத்துக்கு ஒரு பொட்டி. இந்த மருந்துக்கு அவர் ஒண்ணும் எழுதல போல. அம்புக்குறி மாதிரி கோணல் கோணலா என்னமோ இருந்துச்சு, நடுவுல இங்கிலீஷ். சரி, மெஷின் ஏதோ உளறுதுன்னு விட்டுட்டேன். அதுக்குக் கீழ பக்கமே இல்ல. வெள்ளை."

சின்னவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

அம்புக்குறி மாதிரி என்று நாத்தனார் சொன்னது பக்கத்தின் எலும்புக்கூடு. டேக் என்பார்கள். படிக்கிறவர் கண்ணில் அது படவே கூடாது. சதைக்குள் எலும்பு மாதிரி மறைந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் அது தெரிந்தது என்று ஒருத்தி கற்பனை செய்து சொல்ல முடியாது. பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் சமதரைதான். அந்தக் கம்பெனியில் மருந்து விவரங்களை எக்ஸ்எம்எல் என்கிற முறையில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு முழுத் துணியிலிருந்து தையல்காரர் சட்டையும் வெட்டி, தலையணை உறையும் வெட்டி, கைக்குட்டையும் வெட்டுகிற மாதிரி, ஒரு மென்பொருள் அதே விவரத்திலிருந்து வலைப்பக்கமும் செய்யும், அச்சுத்தாளும் செய்யும். பக்கம் வெளியே போகிற வாசலில், எந்த உடுப்பில் போவது என்று ஒரு வரி எழுதியிருக்கும். எச்டிஎம்எல் பழைய, தொளதொளப்பான உடுப்பு. எக்ஸ்எச்டிஎம்எல் கஞ்சி போட்ட உடுப்பு. ஒரு பொத்தான் திறந்திருக்கக் கூடாது. சின்னவளின் மேலாளருக்குச் சுத்தம் என்று பட்டப்பெயர். எல்லாப் பக்கத்துக்கும் சோதனையில் பச்சை டிக் விழுந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். போன வாரம் அவர் சொல்லி, சின்னவள்தான் அந்த ஒரு வரியை மாற்றினாள். மாற்றிவிட்டு, அவர்கள் வழக்கப்படி குண்டனை வைத்துச் சோதித்தாள். குண்டன் என்பது ஒரு மருந்தின் பக்கம். எந்த இடமும் காலியில்லாமல், எல்லாப் பெட்டியும் நிறைந்து வழிகிற பக்கம். குண்டன் வாசலில் நுழைந்து போய்விட்டால் மற்ற எல்லோரும் போய்விடுவார்கள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோரும் நம்பி வந்த கணக்கு. குண்டன் அழகாகப் போனான். பச்சை டிக் விழுந்தது. மேலாளர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒல்லியானவர்களை யாரும் சோதிக்கவில்லை. கஞ்சி போட்ட வாசலுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிக்குத் திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி எதற்கு என்று, இரண்டையும் ஒன்றாகச் சுருக்கி அனுப்பிவிடும். புதுப் பிரவுசர்களுக்கு இது கஞ்சி உடுப்பு என்று சொல்லியே பக்கம் போகும், அதனால் அந்தச் சுருக்கம் புரியும். வார்டில் இருந்ததோ பழைய கம்ப்யூட்டர், பழைய பிரவுசர்; அதற்குப் பழைய உடுப்பு என்று சொல்லித்தான் அனுப்ப முடியும். அதற்குப் பெட்டி திறந்தது மட்டும்தான் தெரியும், மூடியது தெரியாது. மூடுகிற குறி வரட்டும் என்று, அதற்குப் பின்னால் வந்ததையெல்லாம் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டு போகும். சிவப்புத் தலைப்பு, சிறுநீரகம், எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. இரண்டு வரி உயரப் பெட்டிக்குள், எலும்புகளோடு சேர்ந்து மடங்கிக் கிடந்தது.

சின்னவள் துணியைப் போட்டுவிட்டு மேசைக்குப் போனாள். வார்டுக்கு எப்படிப் போகுமோ அதே மாதிரி, பழைய உடுப்பு என்கிற பெயரிலேயே, தன் லேப்டாப்புக்கும் பக்கம் வரும்படி ஒரு மாற்றம் செய்துவிட்டுத் திறந்தாள். மருந்தின் பெயர் வந்தது, அளவு வந்தது, பெட்டி வந்தது. பெட்டிக்குள் கோணல் கோணலாக அம்புக்குறிகள். கீழே வெள்ளை.

தோளுக்குப் பின்னால் நாத்தனாரின் மூச்சு. "இதுதான். இதேதான்," என்றாள். புருஷன் எட்டிப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தான், அதிலிருந்து எல்லாம் புரிந்துகொண்டு சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

சின்னவள் மேலாளருக்கு போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"எவ்வளவு நேரத்துல பழைய மாதிரி ஆக்கலாம்?"

"ஒரு வரி சார். இப்பவே ஆக்கிடலாம்."

"ஆக்கிடு. ஆக்கிட்டு பேசாம இரு. காலையில அவங்க திறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். நாமளா போய் வாயைக் கொடுக்க வேண்டாம்."

"எங்க அண்ணி வேலை போயிடும் சார்."

"இல்லாட்டி உன் வேலை போகும். யோசிச்சுக்கோ," என்றார். மிரட்டவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

சாயங்கால ஊசி போடுகிற நேரம் அது. எல்லா வார்டிலும் யாராவது ஒருத்தி இப்போது வாசித்துக்கொண்டிருப்பாள், யாராவது ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். யோசிக்க நேரமில்லை. சின்னவள் அந்த வரியை மாற்றினாள். பக்கத்தைத் திறந்தாள். பெட்டி காலியாக, சமர்த்தாக மூடிக்கொண்டிருந்தது. கீழே சிவப்புத் தலைப்பு.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் அண்ணி. இனிமே எங்க திறந்தாலும் சரியா வரும்."

"வார்டுல?"

"வார்டுலயும்."

நாத்தனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நாளைக்கு அவங்க வார்டு கம்ப்யூட்டரையே திறந்து பார்த்தாலும், நான் படிக்காம விட்ட மாதிரிதான் இருக்கும்."

மாற்றாமல் விட்டிருந்தால் நாத்தனாரின் சாட்சி காலை வரை உயிரோடிருந்திருக்கும். அதற்குள் வேறொரு நோயாளி உயிரோடு மிஞ்சியிருப்பாரோ என்னவோ. மாற்றியது சரிதான். அது சரி என்று நாத்தனாருக்கும் தெரியும், அதனால்தான் அவள் கத்தவில்லை. போன வாரத்து வரியை வைத்துத் தன் லேப்டாப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்த வெள்ளைப் பக்கத்தைக் காட்டலாம். ஆனால் அதைக் காட்டுகிறவள் "போன வாரம் இதை மாற்றியவள் நான்தான்" என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத சாட்சி, தண்ணீரில் எழுதிய எழுத்து.

இரவு முழுக்க என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். விடிகிறதா என்று பார்ப்பவர்களுக்கு விடிவதேயில்லை.

காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். உட்கார இடமிருந்தும் சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது, மேலாளர். எடுக்கவில்லை, அணைக்கவுமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் புதுப்பெண் நின்றிருந்தாள். வேன்காரருக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், தண்ணீர் கேட்டார் என்றாள். சொல்லிவிட்டு, "அக்கா, நான் கேட்டதைத்தான் சொன்னேன்," என்றாள்.

"நீ கேட்டது சரி. அழுமூஞ்சி, மூக்கைத் துடை," என்றாள் நாத்தனார்.

விசாரணை அறைக்குள் முதலில் சின்னவளைத்தான் கூப்பிட்டார்கள், வெளியாள் என்பதால். நீள மேசை, அதற்குப் பின்னால் தலைமை மருத்துவரும் இன்னும் சிலரும். அவள் லேப்டாப்பைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். சுற்றி வளைத்துச் சொல்லத்தான் பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் கோத்ததெல்லாம் உதிர்ந்து, கடைசி மணி மட்டும் கையில் நின்றது. "தப்பு எங்க பக்கத்துல. மாத்தினது நான்." பிறகு காட்டினாள். காலிப் பெட்டியைக் காட்டினாள், அதன் வயிற்றுக்குள் கிடந்த சிவப்புத் தலைப்பைக் காட்டினாள். தலைமை மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தப் பெட்டி காலியா இருந்த மருந்துகள் வேற எத்தனை?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரியே எண்ணிப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் தாளில் பெயர் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். அதை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. "வெளிய இருங்க," என்றார்.

நடைபாதையில் ஒரு பெஞ்சு. நாத்தனார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உன்னைத் தூக்கிடுவாங்களா?"

"தெரியல அண்ணி."

நாத்தனார் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லது பண்ணின. இல்லன்னு சொல்லல," என்றாள். பிறகு, "பொட்டின்னதும் நம்பின. நான் இல்லன்னு சொன்னப்ப நம்பல. அதை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது, சொல்லு."

சின்னவள் லேப்டாப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போய் பேசலாம் அண்ணி," என்றாள்.

"பேசலாம். பேசித்தானே ஆகணும், ஒரே அடுப்பு."

மூடிய கதவுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன. யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பிறகு நடைபாதையின் கடைசியில், முதல் வார்டில், போன் மணி அடித்தது. அது நிற்பதற்குள் அடுத்த வார்டில் அடித்தது. மாடியில் ஒன்று. எதிர்க் கட்டடத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக இன்னொன்று. போன வாரத்திலிருந்து யார் யாருக்கு என்னென்ன ஏற்றினீர்கள் என்று உள்ளே இருந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நர்சுகள் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவர்களுக்குப் பக்கத்து மேசையிலிருந்த போனும் அடிக்கத் தொடங்கியது. அந்த மேசையில் ஆளில்லை.

நாத்தனார் எழுந்து போனாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதோ, உடம்பில் வெள்ளை உடுப்பு இல்லை என்பதோ அவள் நினைவில் இல்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையால் ஒரு பேனாவைத் தேடியபடி, "சொல்லுங்க," என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கினால் இறக்கி வைக்க ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். களைத்து வந்து நாற்காலியில் விழுகிறவர் சொல்வதை முதல் தடவையே கேட்கிற காது உங்கள் வாசலுக்குள் குறையாமல் இருக்கட்டும். கூடத்தில் சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோகட்டும். நல்லா இருங்கள் எல்லோரும்.